எபென் நால்வர்: ஒரு பிரெஞ்சு குவார்டெட் இருபத்தைந்து ஆண்டு தாக்குப்பிடித்த கதை

2009-இல் பிரிட்டனின் கிராமஃபோன் இதழ் தன் விருதுகளை அறிவித்தபோது, ஆண்டின் மிகச் சிறந்த ஒலிப்பதிவு என்ற பட்டம் நான்கு இளைஞர்களுக்குப் போனது. ஆப்பராக்களும் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களும் உலகப் புகழ் பெற்ற பியானோக் கலைஞர்களும் போட்டியிடும் இடம் அது. அங்கே இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நான்கே வாத்தியங்களோடு வந்த ஒரு பிரெஞ்சுக் குழு, டெபுஸி, ஃபோரே, ரவெல் என்ற மூன்று பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் எழுதிய குவார்டெட்களை வாசித்து முதலிடத்தைப் பிடித்தது. குழுவின் பெயர் க்வாத்துவோர் எபென். பாரிசை ஒட்டியிருக்கும் பூலோன்-பியான்கூர் நகரத்து இசைப்பள்ளியில் 1999-இல் தொடங்கிய குழு.

அந்த இசைத்தட்டில் வாசித்த நால்வரில் இப்போது இருவர்தான் குழுவில் இருக்கிறார்கள்: முதல் வயலின் பியேர் கொலோம்பே, இரண்டாம் வயலின் காப்ரியேல் ல மகாதூர். வயோலா இரண்டு முறை கைமாறிவிட்டது. செல்லோ 2024-இல் மாறியது. பாதி ஆட்கள் போன பிறகும் அந்த ஒலி போகவில்லை என்பதுதான் இவர்களுடைய கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது. நால்வரில் யாரோ ஒருவரின் கைத்திறமையில் அது தங்கியிருந்தால் எப்போதோ கலைந்திருக்கும். அது அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கும் விதத்தில் தங்கியிருக்கிறது. அந்தக் கேட்கும் பழக்கத்தைக் கூர்தீட்டியதில் ஜாஸுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன். விமர்சகர்கள் சிலர் பக்கவேலை என்று ஒதுக்கிய அதே ஜாஸ்.

முதலில் குவார்டெட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இந்த நான்கு வாத்தியக் குழுவுக்கும் அதற்காக எழுதப்படும் படைப்புக்கும் ஒரே பெயர்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைடன் இந்த வடிவத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட குவார்டெட்கள் எழுதினார். மொசார்ட் அவரைப் பார்த்துக் கற்று, ஆறு குவார்டெட்களை 1785-இல் அவருக்கே காணிக்கையாக்கி வெளியிட்டார். அப்புறம் பீத்தோவன் வந்து பதினாறு குவார்டெட்களும் ‘பெரும் ஃபியூக்’ என்ற தனிப் படைப்பும் எழுதி, பின்னால் வருகிற எல்லோரையும் மிரள வைத்தார். நால்வரும் அரைவட்டமாக உட்காருவார்கள். முன்னால் நின்று கையசைத்து இசையை நடத்தும் கண்டக்டர் கிடையாது. ஒரு வரியை ஒருவர்தான் வாசிக்கிறார் என்பதால் ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. முதல் வயலின் மூச்சை இழுக்கும் விதத்தைப் பார்த்தே மற்ற மூவரும் தொடங்க வேண்டும்.

இதில் வெளியிலிருந்து கேட்பவருக்குத் தெரியாத பெரிய பாடு சுருதி. கர்நாடகக் கச்சேரியில் தம்புரா இருக்கிறது. ஆதார ஸட்ஜம் ஒலித்துக்கொண்டே இருப்பதால், தடுமாறினாலும் வந்து சேர ஓர் இடம் உண்டு. குவார்டெட்டில் தம்புரா இல்லை, பியானோவும் இல்லை. கிட்டாரில் இருப்பதுபோல விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் கட்டுகளும் வயலின் கழுத்தில் இல்லை. விரல் மயிரிழை நகர்ந்தால் சுருதியும் நகரும். நான்கு பேருக்கும் ஆதாரம் மற்ற மூன்று பேர்தான்.

கணக்காகவே சொல்லலாம். செல்லோவின் அடித்தந்தி, மேற்கத்திய இசையில் சி என்று பெயரிட்ட சுரம். அங்கிருந்து சுத்தமான பஞ்சமங்களாக ஏறினால் ஜி, டி, ஏ என்று போய், நான்காவது பஞ்சமத்தில் ஈ கிடைக்கும்; வயலினின் மேல்தந்தியும் ஒரு ஸ்தாயி மேலே அதே ஈ-தான். ஆனால் சி-யை ஸட்ஜமாக வைத்துப் பாடினால் காதுக்கு இயல்பாக இனிக்கும் அந்தர காந்தாரத்தைவிட இந்த ஈ தூக்கலாக இருக்கும். ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால் ஏறக்குறைய 22 பங்கு தூக்கல். பயிற்சி பெறாத காதுக்கும் உறுத்துகிற அளவு அது. அதாவது நான்கு வாத்தியங்களும் தத்தம் தந்திகளைத் துல்லியமாகச் சேர்த்துக்கொண்டால், ஒட்டுமொத்தமாகக் குழு சேராது! பியானோவில் இந்தச் சிக்கலை எல்லாச் சுரங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிவிட்டார்கள். பியானோவின் காந்தாரமும் இயற்கைக் காந்தாரத்தைவிட 14 பங்கு தூக்கல்தான். நம் காது அதற்குப் பழகிவிட்டது. குவார்டெட்காரர்கள் பஞ்சமங்களை இம்மியளவு குறுக்கி, அடித்தந்திகளைச் சற்றே ஏற்றி வைத்துக்கொள்வார்கள். மீதியை விரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே சுரம் இந்த இடத்தில் காந்தாரமாக இருந்தால் கொஞ்சம் இறங்கும். அடுத்த வரியில் அதுவே மேல் ஸட்ஜத்துக்குத் தாவக் காத்திருக்கும் நிஷாதமாக மாறினால் கொஞ்சம் ஏறும். இதை முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வைத்துவிடவும் முடியாது. அரங்கம் மாறும், தந்தி சூடேறும், பக்கத்திலிருப்பவர் இன்றைக்கு ஓர் இழை உயரத்தில் வாசிப்பார். ஒவ்வொரு நொடியும் கேட்டுச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

எந்த நல்ல குழுவும் வருடக்கணக்கில் தினமும் மணிக்கணக்காக மெதுவாக வாசித்து இதைத்தான் பழகுகிறது. ஒரு குவார்டெட் உருவாகப் பத்தாண்டு ஆகும் என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த உழைப்பு.

பிரான்சில் இதற்கான பொறுமை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 1795-இல் நிறுவப்பட்ட பாரிஸ் கன்செர்வத்வார் என்ற இசைக் கல்லூரி, தனியாக மேடை ஏறி ஜொலிக்கிற வயலின் கலைஞர்களை வார்த்தெடுப்பதில் பேர்பெற்றது. குவார்டெட் மரபும் இருக்கத்தான் செய்தது. லூசியன் கபே 1893-இல் தொடங்கிய குழு பீத்தோவன் வாசிப்பில் புகழ் பெற்றது. 1920-களின் கடைசியில் அவர்கள் பதிவுசெய்த தட்டுகளை இன்றும் தேடிக் கேட்கிறார்கள். பிறகு கால்வே, பரெனான் போன்ற குழுக்கள் வந்தன. ஆனால் பெரிய பள்ளி என்று யாராவது சொன்னால் வியன்னா, புடாபெஸ்ட், பிராக், நியூயார்க் என்றுதான் கை நீளும்.

மாற்றம் 1980-களில் தொடங்கியது. 1984-இல் இசாயி குவார்டெட் உருவானது. 1987-இல் ஜார்ஜ் ஸைசெல், ப்ரோகுவார்டெட் என்ற அமைப்பைத் தொடங்கி, உலகின் மூத்த குவார்டெட்காரர்களை இளம் பிரெஞ்சுக் குழுக்களுக்குப் பாடம் சொல்ல வரவழைத்தார். இசாயி குழுவினர் தாங்கள் கற்றதைப் பாரிசில் குவார்டெட்டுக்கென்றே நடந்த வகுப்பில் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். தனி ஆளாக வெற்றி பெறுவதைவிட நால்வராக வாழ்வதும் ஒரு தொழில்தான் என்று பிரெஞ்சு மாணவர்கள் நம்பத் தொடங்கியது இந்த வகுப்புகளால்தான். எபென், மொதிலியானி, பின்னர் வோஸ், எர்மெஸ், வான் கய்க், அரோ என்று இன்று உலக மேடைகளில் பிரெஞ்சுக் குழுக்கள் இத்தனை நிறைந்திருப்பதற்கு அந்த விதைப்புதான் காரணம். இசாயி குழு 2014 ஜனவரியில் கலைந்தது. அதற்குள் அதன் வேலை நடந்து முடிந்திருந்தது.

எபென் நால்வரும் இசாயி குழுவிடம் படித்தவர்கள். அதோடு நிற்கவில்லை. டாகாச் குவார்டெட்டின் முதல் வயலினாக இருந்த காபோர் டாகாச்-நாட்யிடம் போனார்கள். பெர்லினில் எபர்ஹார்ட் ஃபெல்ட்ஸிடம் போனார்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியோர்ஜி கூர்டாகிடமும் பாடம் கேட்டார்கள். இரண்டு மூன்று சுரங்களை வைத்துக்கொண்டு மாணவர்களை மணிக்கணக்கில் விடாமல் வேலை வாங்குகிறவர் என்று பெயர் பெற்றவர் அவர். பாரிஸ், புடாபெஸ்ட், பெர்லின் மூன்று இடத்து மரபும் இந்தக் குழுவுக்குள் ஆரம்பத்திலேயே கலந்துவிட்டது. தங்கள் நாட்டு இசையை மட்டும் அழகாக வாசிக்கும் குழு என்ற வட்டத்துக்குள் இவர்கள் சிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

2004-இல் மியூனிக் நகரில் ஏஆர்டி சர்வதேச இசைப் போட்டி. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனங்கள் 1952 முதல் நடத்திவரும் இந்தப் போட்டியில், தகுதியானவர் இல்லை என்று நடுவர்கள் நினைத்தால் முதல் பரிசைக் கொடுக்காமலே விட்டுவிடுவார்கள். எபென் நால்வர் முதல் பரிசை வென்றார்கள். ரசிகர்கள் வாக்களித்த பரிசும் மேலும் சில சிறப்புப் பரிசுகளும் அவர்களுக்கே கிடைத்தன. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஃபோர்பெர்க்-ஷ்னைடர் அறக்கட்டளை தன் பெல்மான்ட் பரிசைக் கொடுத்தது. பழைய இத்தாலிய வாத்தியங்கள் இரவலாகக் கிடைக்க அந்த உறவு வழி செய்தது. ஸ்ட்ராடிவாரி, கோஃப்ரில்லர் போன்றோர் செய்த வாத்தியங்களைச் சொந்தக் காசில் வாங்க எந்த இளம் குவார்டெட்டாலும் முடியாது. கச்சேரிச் சம்பளம் நான்காகப் பிரிகிறது. விமானத்தில் செல்லோவுக்கும் சேர்த்து ஐந்து டிக்கெட் எடுக்க வேண்டும். போட்டியில் வென்றதும் வசதி வந்துவிடும் என்பதெல்லாம் இல்லை.

2006-இல் பிபிசி வானொலியின் புதிய தலைமுறைக் கலைஞர்கள் திட்டத்தில் இடம் கிடைத்தது. முதல் இசைத்தட்டு ஹைடன், அடுத்தது பார்டோக். அதற்கப்புறம்தான் 2008-இல் வெர்ஜின் கிளாசிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட அந்தப் பிரெஞ்சுத் தட்டு.

டெபுஸியையும் ரவெலையும் ஒரே தட்டில் சேர்ப்பது கம்பெனிகளுக்கு நெடுநாள் வழக்கம். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரே ஒரு குவார்டெட்தான் எழுதினார்கள். இரண்டும் அரை மணி நேரத்துக்குள் முடியும். அடுத்தடுத்து வைத்தால் தட்டு ஏறக்குறைய நிறைந்துவிடும். டெபுஸியின் குவார்டெட் 1893-இல் அரங்கேறியது, ரவெலுடையது 1904-இல். எபென் செய்த நல்ல காரியம், மூன்றாவதாக ஃபோரேயையும் சேர்த்தது. ஃபோரே ரவெலின் ஆசிரியர். ரவெல் தன் குவார்டெட்டை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். ஆனால் ஆசிரியர் தன் ஒரே குவார்டெட்டை எழுதியது மாணவருக்கு இருபது ஆண்டு கழித்து, எழுபத்தெட்டு வயதுக்கு மேல். பீத்தோவன் புகழ்பெறச் செய்த வடிவம், பீத்தோவன் அல்லாத எல்லோருமே இதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று 1923-இல் மனைவிக்கு எழுதினார். காது ஏறக்குறையக் கேட்காத நிலையில் 1924-இல் அதை முடித்தார். அந்த நவம்பரிலேயே இறந்துபோனார். தன் குவார்டெட்டை அவர் கேட்கவே இல்லை.

இந்த மூன்றையும் ஒரே குரலில் வாசித்தால் கெட்டுவிடும். டெபுஸியில் முதல் வரியிலேயே வரும் ஒரு சிறு மெட்டு, பகுதிக்குப் பகுதி வேடம் மாற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டே இருக்கும். அதன் இரண்டாம் பகுதியில் வயோலா அந்த மெட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்க, சுற்றிலும் மற்றவர்கள் தந்தியை விரலால் மீட்டுவார்கள். ரவெலின் இரண்டாம் பகுதியும் மீட்டலில்தான் தொடங்குகிறது. ஆறு சிறு தட்டுகளை இரண்டு மூன்றாகவும் மூன்று இரண்டாகவும் ஒரே நேரத்தில் எண்ணுகிற தாளவிளையாட்டு அது. திஸ்ரமும் சதுஸ்ரமும் உரசிக்கொள்வதை ரசித்தவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். கடைசிப் பகுதி ஐந்து எண்ணிக்கையில் சீறிக்கொண்டு கிளம்பும். ஃபோரேயில் இந்த மினுக்கு எதுவும் இல்லை. நீண்ட கோடுகள், மெல்லிய சாயம், முடிவில்லாமல் நகரும் இசைவு.

எபெனின் வாசிப்பில் ரவெலின் அந்த மீட்டல் பகுதி நடனமாடுகிறது. மற்ற பல குழுக்களிடம் அது சுத்தமாக, சரியாக, கொஞ்சம் விறைப்பாக வரும். இவர்களிடம் தாளம் பின்னால் சாய்ந்து முன்னால் துள்ளுகிறது, ஆனாலும் நால்வரில் ஒருவர்கூடப் பிசகவில்லை. ஃபோரேயில் அதே ஆட்கள் வில்லின் அழுத்தத்தைக் கிட்டத்தட்ட முழுசாக எடுத்துவிட்டு, மூச்சை மட்டும் விட்டு வைக்கிறார்கள். இந்த வேற்றுமைதான் கிராமஃபோன் நடுவர்களையும் கவர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தத் துள்ளல் எங்கிருந்து வந்தது? பயிற்சி அறையில் வேலை முடிந்ததும் இளைப்பாற இவர்கள் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். செல்லோ வாசித்த ரஃபாயெல் மெர்லான் பியானோவிலும் கைதேர்ந்தவர், இசை எழுதுபவர். மற்ற மெட்டுகளைக் குவார்டெட்டுக்காக அவர் மாற்றி எழுதிய வடிவங்கள் நிறைய. கச்சேரி முடிந்த பின் ரசிகர்களுக்காகக் கூடுதலாக ஒன்றிரண்டு வாசிக்கும் இடத்தில் அவை எட்டிப்பார்த்தன. பிறகு நிகழ்ச்சியின் பிற்பாதி முழுக்கப் பரவின. 2010-இல் ‘ஃபிக்‌ஷன்’ என்று ஒரு தட்டே வந்தது. திரைப்படங்களில் ஒலித்த மெட்டுகளும் ஜாஸ் மெட்டுகளும்தான் சரக்கு. ஒரு டிரம்ஸ் கலைஞர் கூட, நத்தாலி தெஸ்ஸே, ஸ்டேஸி கென்ட் போன்ற பாடகிகள் விருந்தினர். நால்வரும் வில்லைக் கீழே வைத்துவிட்டு வாயால் பாடவும் செய்தார்கள். பாரிசின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் அந்த நிகழ்ச்சியைப் படமாக்கவும் செய்தார்கள். பின்னர் 2014-இல் பிரேசில் இசையைச் சுற்றி ஒரு தட்டு, 2017-இல் கிளாரினெட் மேதை மிஷெல் போர்தாலோடு ஒன்று.

இதைக் கூட்டம் சேர்க்கும் உத்தி என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. விற்பனைக்கு உதவியிருக்கும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குவார்டெட்டின் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதிய இசையில் நால்வரும் ஒரே கணத்தில் சேர வேண்டும் என்பதே பிரதானப் பயிற்சி. அதனால் பல குழுக்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து, எச்சரிக்கையாகச் சேர்கின்றன. ஜாஸில் நாடித்துடிப்பை எல்லோரும் உள்ளுக்குள் வைத்திருப்பார்கள். அதனால் ஒருவர் வேண்டுமென்றே தாமதித்து வரலாம், இன்னொருவர் முந்தலாம். தாளம் நடுவில் அப்படியே நிற்கும். மனோதர்மமாக வாசிக்கும்போது கீழே செல்லோ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காது கொடுக்காவிட்டால் மேலே வாசிப்பவர் தொலைந்துபோவார். செல்லோவிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கேட்பது, ஏட்டைப் பார்க்காமல் ஆளைக் கேட்பது, இரண்டும் குவார்டெட்டுக்கு அடிப்படையான பழக்கங்கள். எபென் நால்வர் அவற்றை மாலை நேர விளையாட்டாகக் கற்றார்கள். அதைத்தான் ரவெலில் கேட்கிறோம். பீத்தோவனிலும் கேட்கிறோம்: ஓபஸ் 59-இன் (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) முதல் குவார்டெட்டில் இரண்டாம் பகுதி, செல்லோ ஒரே சுரத்தைத் தாளமாகத் தட்டுவதில்தான் தொடங்குகிறது. 1806-இல் எழுதப்பட்டது. அந்த ஒற்றைச் சுரத்தை மெர்லான் தட்டும் விதத்தைக் கேட்டால், ஜாஸ் மேடையில் கழித்த நேரம் வீண் போகவில்லை என்று புரியும்.

2014 கடைசியில் முதல் பெரிய அடி. வயோலா வாசித்த மத்தியூ எர்சோக், ஆர்கெஸ்ட்ரா நடத்தும் கண்டக்டராகப் போக முடிவெடுத்து விலகினார். வயோலா மாறினால் என்ன, முதல் வயலின்தானே முகம் என்று தோன்றலாம். குவார்டெட் உலகத்தில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். மேலே பாடுகிற வயலினையும் கீழே தாங்குகிற செல்லோவையும் கோக்கிற நிறம் வயோலாவில்தான் இருக்கிறது. நான் மேலே சொன்ன காந்தாரத்தைப் பெரும்பாலும் வைத்திருப்பது இரண்டாம் வயலினும் வயோலாவும்தான். அமடேயஸ் குவார்டெட் நாற்பது ஆண்டு ஒரே நால்வராக வாசித்தது. வயோலா வாசித்த பீட்டர் ஷிட்லோஃப் 1987-இல் இறந்ததும் மற்ற மூவரும் வாசிப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். வியன்னாவின் ஆல்பன் பெர்க் குவார்டெட்டில் தோமாஸ் காகுஷ்கா 2005-இல் இறந்த பின், அவருடைய மாணவியை அமர்த்திக்கொண்டு தொடர்ந்தார்கள். 2008-இல் அதுவும் முடிந்தது. இன்னொரு பக்கம் நியூயார்க்கின் ஜூலியார்டு குவார்டெட், 1946-இல் தொடங்கியவர்கள் எல்லோரும் போன பிறகும் பேரோடும் சீரோடும் இருக்கிறது. இரண்டு வழிக்கும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டாவது வழியில் போகத் துணிச்சல் வேண்டும். புதியவர் வந்தால் அவர் மட்டும் கற்றால் போதாது; பழைய மூவரும் தங்கள் பழக்கங்களில் பாதியை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும்.

2015-இல் இளம் வயோலா கலைஞர் அத்ரியன் புவாஸோ வந்தார். அவரோடு ஷூபர்ட்டின் ஐவர் குழுப் படைப்பைக் கோத்தியே கப்யூசோனின் இரண்டாம் செல்லோவோடு பதிவு செய்தார்கள். போர்தால் தட்டும் அந்தக் காலத்தில் வந்ததுதான். நல்ல பதிவுகள். ஆனாலும் இரண்டாண்டு கடந்து அவரும் விலகினார். 2017 இறுதியில் மரி ஷிலெம் சேர்ந்தார், குழுவின் முதல் பெண். மூன்று ஆண்டுக்குள் மூன்றாவது வயோலா. பல குழுக்கள் இந்த இடத்தில் சத்தமில்லாமல் கலைந்துபோகும், அல்லது எளிய நிகழ்ச்சிகளைக் கொஞ்ச காலம் வாசித்துப் பிழைத்திருக்கும்.

இவர்கள் செய்தது நேர் எதிர். குவார்டெட் உலகிலேயே மிகக் கனமான வேலையைத் தூக்கிக்கொண்டார்கள்: பீத்தோவனின் எல்லாக் குவார்டெட்களும், அதுவும் ஸ்டுடியோவில் வெட்டி ஒட்டாமல் நேரடிக் கச்சேரிகளில், ஆறு கண்டங்களில். குழுவுக்கு இருபது வயது, பீத்தோவனுக்கு 2020-இல் 250. ஃபிலடெல்ஃபியா, வியன்னா, டோக்கியோ, சாவ் பாவ்லோ, மெல்பர்ன், நைரோபி, பாரிஸ் என ஏழு நகரங்கள். 2019-இல் தொடங்கி 2020-இன் ஆரம்பத்தில் பாரிஸ் ஃபில்ஹார்மனியில் முடித்தார்கள். ஏழு தட்டுகளாக எராட்டோ வெளியிட்டது. (வெர்ஜின் கிளாசிக்ஸ் 2013-இல் வார்னரிடம் போய், அதன் கலைஞர்கள் எராட்டோ என்ற பெயருக்குக் கீழே வந்திருந்தார்கள்.)

ஏழு அரங்கம் என்றால் ஏழு எதிரொலி. வியன்னா கோன்ட்செர்ட்ஹவுஸில் தொங்கும் ஒலி இன்னொரு அரங்கில் உடனே அறுந்துவிடும். வில்லின் வேகம், இடைவெளி, சுருதியின் நுணுக்கம் எல்லாமே அன்றைக்கே மாற வேண்டும். ஓபஸ் 131-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பகுதிகள், நடுவில் எங்கும் நிறுத்தமில்லை, நாற்பது நிமிடம். தந்தி இறங்கினால் மறுபடி சேர்க்க நேரம் கிடையாது. இறங்கிய தந்தியோடு விரலால் சமாளித்துக்கொண்டே போக வேண்டும். ஒரே படைப்புக்குள் நால்வரும் எத்தனை முறை ஒருவரையொருவர் காப்பாற்றியிருப்பார்கள் என்று ரசிகருக்குத் தெரியாது. ஷிலெம் வந்து இரண்டாண்டு ஆவதற்குள் இந்தப் பயணம் தொடங்கிவிட்டது. வெறும் பயிற்சியால் வரக்கூடிய ஒற்றுமையை ஒரே ஒரு பெரிய வேலை கட்டாயப்படுத்தி வரவழைத்தது என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தட்டுகளில் வயோலா பழைய எர்சோக்கைப்போல ஒலிக்கவில்லை. இன்னும் இருண்ட, இன்னும் திறந்த குரல். ஆனால் குழு எபென்தான்.

பதிவு முடிந்து சில வாரங்களில் பெருந்தொற்று வந்து உலகத்து அரங்குகளையெல்லாம் மூடியது. ஆண்டு முழுக்க மேடையில் கொண்டாட வேண்டிய பிறந்தநாள் வீட்டு ஸ்பீக்கர்களுக்குள் போனது. 2021 ஜனவரியில் மியூனிக் இசை, நாடகக் கல்லூரியில் இவர்களுடைய பெயரில் குவார்டெட் பயிலகம் தொடங்கியது. மாணவர்களாகப் பரிசு வாங்கிய அதே ஊரில் பதினேழு ஆண்டு கழித்து ஆசிரியர்கள். அதே ஆண்டில் இரவை மையமாக வைத்து ஒரு தட்டு: துதியேவின் குவார்டெட், ஷோன்பெர்க்கின் அறுவர் படைப்பு, இரண்டுக்கும் நடுவில் மெர்லான் ஜாஸ் மெட்டுகளை வைத்துக் கட்டிய ஒரு பாலம். ஜாஸ் இப்போது பின்னிணைப்பாக வராமல் நிகழ்ச்சியின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது கவனிக்கத்தக்கது.

அப்புறம் மெர்லானும் கிளம்பினார். ஜெனீவாவின் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைமை ஏற்கப் போனார். எர்சோக்கும் கண்டக்டர், மெர்லானும் கண்டக்டர். குவார்டெட்டில் ஒரு வில்வீச்சு மேலா கீழா என்பதைக்கூட நால்வரும் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அப்படிப் பேசிப் பழகியவர்களுக்கு ஓர் இசைப்பிரதியின் எல்லா வரியும் மனதில் ஏறிவிடும். அதை வேறு இடத்தில் பயன்படுத்திப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. 2024-இல் அவருடைய இடத்துக்கு ஜப்பானின் யூயா ஒகமோட்டோ வந்தார். பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் போட்டியில் 2017-இல் இரண்டாம் பரிசு பெற்றவர்.

இந்த இழப்பு வயோலாவைவிடப் பெரிது. மெட்டுகளைக் குவார்டெட்டுக்கு மாற்றி எழுதியவர், பியானோவில் உட்கார்ந்து கருத்தைக் காட்டியவர், தாளத்தைக் கீழிருந்து பிடித்திருந்தவர் எல்லாம் ஒரே ஆள். ஜாஸ் பக்கம் இனி எப்படிப் போகும் என்பது புதிய நால்வரின் கையில்தான். ஆனால் கேட்கும் பழக்கம் மெர்லானோடு போய்விடாது என்று நம்பக் காரணம் இருக்கிறது. ஷிலெம் அந்தப் பழக்கத்துக்குள் வந்து சேர்ந்த வேகத்தைப் பார்த்துவிட்டோமே.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இது. 2008 தட்டில் ரவெலின் இரண்டாம் பகுதியைக் கேளுங்கள், ஆறு நிமிடம்தான். உடனே ‘ஃபிக்‌ஷன்’ தட்டிலிருந்து ஏதாவது ஒன்று. பிறகு 2019-இல் வியன்னாவில் பதிவான ஓபஸ் 59 முதல் குவார்டெட்டின் இரண்டாம் பகுதி. அதில் செல்லோவை மட்டும் ஒரு முறை, வயோலாவை மட்டும் ஒரு முறை பின்தொடர்ந்து பாருங்கள். கடைசியாக ஓபஸ் 132-இன் மூன்றாம் பகுதி. கடும் நோயிலிருந்து மீண்ட பீத்தோவன் நன்றியாக எழுதியது, லிடியன் என்ற பழைய தேவாலயச் சுர வரிசையில். சுரங்கள் மட்டும் என்று பார்த்தால் நம் கல்யாணியின் அதே ஏழுதான். பீத்தோவன் அவற்றில் சஞ்சாரம் எதுவும் செய்வதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார், மிக மெதுவாக. கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்கிக்கொள்ளுங்கள், ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது.